ஒற்றைக் கையுறைகளின் மியூசியம்

“காபி ஆறுதுண்ணே. சுட வச்சுத் தரவா?”

“வேணாம். எழுதுன்னேன்ல.”

“எதுலருந்து?”

“மொத லெட்டர்லருந்து. ஒண்ணு விடாம. நீதான் நல்லா எழுதுவியே, அப்படியே என்னய மாதிரி.”

“உன்னய மாதிரி எழுதலண்ணே. அப்படி எழுதியிருந்தா அப்பா ரெண்டாவது வரியில தூங்கியிருப்பாரு.”

நீ கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்குப் போனாய். ஓங்கிச் சாத்தவில்லை. அந்த மட்டுக்கும் நீ மாறவில்லை. காபியை நானே குடித்துவிட்டேன். ஆறின காபி எனக்குப் பிடிக்கும்.

எழுதுகிறேன். இதை யாரிடம் காட்டப்போகிறாய் என்று நீ சொல்லவில்லை. வக்கீலாக இருக்கலாம், போலீஸாக இருக்கலாம், உன் மனைவியாகவும் இருக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். என் பெயர் ஜாய்ஸ். வயது இருபத்தொன்பது. மதுரை வில்லாபுரத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவோடு இருக்கிறேன். ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் நூலக உதவியாளர் வேலை. அப்பா ஞானமுத்து, மிஷன் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் புவியியல் ஆசிரியர். அம்மா பாக்கியமேரி இறந்து ஆறு வருடம் ஆகிறது. நீ ஜெரால்ட், என்னைவிட ஏழு வயது மூத்தவன், எட்டு வருடமாகச் சிகாகோவில் கம்ப்யூட்டர் வேலை. முந்தாநாள் வந்து இறங்கினாய். இன்று மாலை நாலு மணிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறாய், விசா கிடைத்ததும் அங்கிருந்து உன் ஊருக்கு. அப்பா விடியும்போதே குளித்து, தேய்த்த சட்டை போட்டு, மடியில் பையோடு உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் போனால் திரும்பி வரமாட்டார். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

அவரை நிறுத்திவைப்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கவும் எழுதவில்லை. நான் செய்ததை வேறு யாராவது தப்பும் தவறுமாக எழுதிவிடக் கூடாது, அதற்காகத்தான்.

உனக்கு நினைவிருக்கும். அப்பா வருடத்துக்கு ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பையன்களைக் காந்தி மியூசியத்துக்குக் கூட்டிப்போவார். மற்ற வாத்தியார்களோடு போகிற பையன்கள் முன்வாசலில் நுழைந்த கால் மணி நேரத்தில் வெளியே ஐஸ் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அப்பாவிடம் அது நடக்காது. ஒவ்வொருவனும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் முன்னால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். “ஓடாதடா. அது எங்கயும் போகாது, நீதான் போயிருவ” என்பார். பத்து நிமிடம் முடிந்ததும் பார்த்ததைச் சொல்ல வேண்டும். நான் பெண்பிள்ளை, அந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை, இருந்தாலும் ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். ஒரு ஜோடி செருப்பின் முன்னால் நின்றேன். இடது செருப்பு வலதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது என்று சொன்னேன். அப்பா என் தலையில் கை வைத்தார். நீ வெளியே மரத்தடியில் உட்கார்ந்து யாருடைய சைக்கிளிலோ காற்றை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாய்.

அப்படிப்பட்ட நீதான் சிகாகோவுக்குப் போனாய். அது யாருடைய தவறும் இல்லை. ஆனால் அப்பா அந்த ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். “ஜாய்சு, அந்த ஊர்ல எம்புட்டு மியூசியம் இருக்கு தெரியுமா?” என்று தினமும் ஒன்று கண்டுபிடித்துச் சொல்வார். ஏரிக்கரையில் டைனோசர் எலும்புக்கூடு நிற்கிற ஒன்று. நட்சத்திரங்களுக்கு ஒன்று. ஓவியங்களுக்கு ஒன்று, அதற்குள்ளேயே தீப்பெட்டி அடுக்கியதுபோல் குட்டிக்குட்டி அறைகள் செய்து வைத்த கூடம். அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கு என்றே ஒரு பழைய மாளிகை. மெக்சிகோவிலிருந்து வந்தவர்களுக்குத் தனியாக, போலந்துக்காரர்களுக்குத் தனியாக, ஸ்வீடன்காரர்களுக்குத் தனியாக, கறுப்பின மக்களின் வரலாற்றுக்குத் தனியாக. ஆற்றுப் பாலத்தைத் தூக்கி இறக்குகிற கோபுரத்துக்குள்கூட ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது முதல் கேள்வி அதுதான்.

“போனியாடா?”

“போகணும்ப்பா. பார்க்கிங் கெடைக்காது.”

“ரயில் இருக்காமே?”

“குளிருப்பா. ஸ்னோ. வேற என்னப்பா?”

வேற என்னப்பா. அப்பா போனை என்னிடம் கொடுத்துவிடுவார். எட்டு வருடம், நீ ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. உன் வீட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம். நான் வரைபடத்தில் பார்த்தேன்.

அம்மா இறந்த மறு வருடம் அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் என்றார்கள். இடது கண் அதற்குள் போயிருந்தது. வலது கண்ணில் நடுவில் ஒரு தம்ளர் வாய் அளவுக்குப் பார்வை மிச்சம். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து காப்பாற்றும் என்றார் டாக்டர். காலை ஆறரை, இரவு எட்டரை. இரண்டு வேளையும் நான்தான் விட்டேன். காய்ச்சலிலும் விட்டேன், தேர்வுக் காலத்தில் கல்லூரியிலிருந்து ஓடிவந்தும் விட்டேன். போன டிசம்பரில், ஊரடங்கெல்லாம் முடிந்து கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வலது கண்ணும் போய்விட்டது என்று சொன்ன டாக்டர் மருந்தை ஒழுங்காக விட்டீர்களா என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அப்பா சொன்னார்: “எம் மக ஒரு வேளகூடத் தவறுனதில்ல டாக்டர்.” அன்று அவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு பீரோவில் இருக்கிறது. வேண்டுமானால் இதோடு சேர்த்துக்கொள்.

முதல் கடிதம் 2018 ஜூலையில். அன்று ஞாயிறு, நீ கூப்பிடவில்லை. பூசை முடிந்து வந்த அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் கோழிக்குழம்பு கொதிக்கக் கொதிக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பையிலிருந்து ஏதோ ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கல்லூரியில் விழாவுக்கு அடித்த அழைப்பிதழ். பின்பக்கம் வெள்ளை.

“அப்பா, அண்ணன் லெட்டர் போட்டிருக்கு. மறந்தே போயிட்டேன்” என்றேன்.

வெள்ளைத்தாளைப் பார்த்து வாசித்தேன். போரில் பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை அந்த ஊரில் ஒரு கட்டடத்துக்குள் முழுசாக வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி முந்தின நாள் பேருந்தில் படித்திருந்தேன். நான் எப்போதும் பேருந்தில்தான் படிப்பேன். வில்லாபுரத்திலிருந்து ஒத்தக்கடைக்கு இரண்டு பேருந்து, போக வர மூன்று மணி நேரம். ருஷ்யப் பனியும் ஜப்பான் மழையும் லத்தீன் அமெரிக்கச் சேவல்களும் எனக்கு அந்த ஜன்னலோர இருக்கையில்தான் வந்து சேர்ந்தன, எல்லாம் தமிழில். நிமிர்ந்தால் யானைமலை. அப்படிப் படித்துப் பழகியவளுக்கு ஒரு கப்பலுக்குள் நுழைவது பெரிய காரியமா? கப்பலில் ஒரு படுக்கை, மாலுமிகள் முறைவைத்துத் தூங்குவார்கள், ஒருவன் எழுந்ததும் அவன் சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் படுத்துவிடுவான். “அந்தப் படுக்கையின் முன்னால் பத்து நிமிடம் நின்றேன் அப்பா” என்று முடித்தேன்.

அப்பா மடியிலிருந்த போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, “பத்து நிமிஷம் நின்னுருக்கான்” என்றார். “பாத்தியா, மறக்கல அவன்.”

அன்று அவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். இதில் என்ன குற்றம் என்று யாராவது எனக்குச் சொல்லலாம்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு கடிதம். உண்மையாகவே உட்கார்ந்து எழுதினேன், நல்ல தாளில், நீ எப்போதோ அனுப்பிய கிறிஸ்மஸ் வாழ்த்தின் உறைக்குள் வைத்து. அமெரிக்கத் தபால்தலையை அப்பா விரலால் தடவிப் பார்ப்பார். போனில் நீ உளறிவிடக் கூடாது என்பதற்காக இரண்டாம் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தேன்: “இதைப் பற்றிப் போனில் கேட்காதீர்கள் அப்பா, பக்கத்தில் அவள் இருப்பாள், எனக்குக் கூச்சம்.” அப்பா அதை அப்படியே காப்பாற்றினார். ஆண்பிள்ளைக் கூச்சம் என்றால் அவருக்கு மரியாதை.

மாடி வீட்டுத் தமிழ்வாணி அக்கா சில ஞாயிறுகளில் காய் நறுக்கிக்கொண்டே நான் வாசிப்பதைக் கேட்பாள். “உங்கண்ணே அமெரிக்காவுல வேல பாக்குறாகளா, இல்ல மியூசியத்துலயே பாய விரிச்சுப் படுத்துட்டாகளா?” என்பாள். அப்பா அப்படிச் சிரித்து அம்மா போன பிறகு நான் பார்த்ததில்லை.

இருபது, இருபத்தைந்து கடிதத்தில் மியூசியங்கள் தீர்ந்துவிடவில்லை, ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. இருப்பதை எழுதுவதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் சிலவற்றை நானே கட்டினேன். அதில் ஒன்றுதான் ஒற்றைக் கையுறைகளின் மியூசியம். ஊரின் மேற்கே, பழைய ரொட்டிக்கடை ஒன்றின் மாடியில். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், நாற்பது குளிர்காலமாகத் தெருவில் கிடந்த ஒற்றைக் கையுறைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் கிடைத்த தெரு, கிடைத்த நாள். தொலைத்தவர் இன்னொரு கையுறையோடு வந்தால் ஜோடி சேர்த்துக் கொடுத்துவிடுவார். இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. எலும்புக்கூட்டையும் நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, “அந்தக் கையுறைய வாசி” என்பார். நாற்பத்தொன்றாம் கடிதம். எனக்கு மனப்பாடம்.

2020 பிப்ரவரியில் ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. நான் மாவு அரைத்துவிட்டு வந்து பார்த்தால், அப்பா சன்னலோரம் லென்ஸை வைத்துக்கொண்டு கடிதத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார். தம்ளர் வாய் அளவு வெளிச்சம் இருந்தது என்று சொன்னேன் அல்லவா. ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து ஒரு வரியை முடித்திருந்தார்.

“கையெழுத்து மாறிருச்சே” என்றார்.

“அங்க பேனா வேற மாதிரிப்பா.”

“ம். பொறுமையாப் பாத்தா நானே வாசிச்சிருவேன் போலருக்கு. ஒனக்கும் சிரமம் கொறையும்.”

கொஞ்ச மாதத்தில் அந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது. கடிதங்கள் தொடர்ந்தன.

இனி நீ கேட்க வந்த விஷயம்.

2021 ஏப்ரலில் நீ ஒரு ஞாயிறு கூப்பிட்டாய். உனக்கு என்ன வந்ததோ, அன்று நன்றாகப் பேசினாய். அங்கே கண்ணுக்கு ஒரு டாக்டர் கிடைத்திருக்கிறார், ஒரு ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வை நிலைக்கும் என்கிறார், விமானங்கள் சரியானதும் வந்து கூட்டிப்போகிறேன், எங்களோடயே இருந்துவிடுங்கள் என்றாய். அப்பா எழுந்து நின்றுவிட்டார். போனில் பேசும்போது யாராவது எழுந்து நிற்பார்களா?

“மொதல்ல அந்தக் கையுற மியூசியம்டா. அப்புறந்தான் டாக்டரு” என்றார், போனில் கேட்கக் கூடாது என்பதையே மறந்து.

“என்ன மியூசியம்ப்பா?”

நான் போனை வாங்கிக்கொண்டேன். சிக்னல் இல்லை என்றேன்.

நான் அன்று இரண்டு விஷயம் யோசித்தேன். ஒன்று, அப்பா அங்கே வந்தால் என்ன பார்ப்பார்? பார்க்கிங் கிடைக்காத ஒரு மகனை, ஒன்பதாம் மாடியில் ஒரு சோபாவை, அவர் பேசுவது புரியாத ஒரு பேரப்பிள்ளையை. இரண்டாவது, இங்கே நான் என்ன செய்வேன்? இரண்டாவதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. முதலாவதே போதுமானதாக இருந்தது.

மே மாதம் மதுரையில் ஆம்புலன்ஸ் சத்தம் நிற்கவே இல்லை. யாருடைய வீட்டிலும் எதுவும் நடக்கலாம், யாரும் வந்து பார்க்க முடியாது. பதினான்காம் தேதி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து உனக்கு எழுதினேன்: “அப்பா போயிட்டாங்க அண்ணே. ரெண்டே நாள்தான். உடம்ப வீட்டுக்குத் தரல. கல்லறைக்கு நாலு பேர்தான் போக முடிஞ்சுச்சு.” நீ உறவுக்காரர்கள் யாரோடும் பேசுவதில்லை, உன் கல்யாணத்தோடு அது முடிந்துபோயிருந்தது. விமானம் இல்லை, உன் விசாத் தாள்களும் எங்கோ மாட்டியிருந்தன. எல்லாம் தயாராக இருந்தது. நான் புதிதாக எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை.

நீ நாலு நிமிடம் அழுது ஒரு குரல்பதிவு அனுப்பினாய். ஒரு தடவை கேட்டேன். “நா ஒரு தடவகூட அப்பாவ எங்கயும் கூட்டிட்டுப் போகல” என்று அதில் ஒரு இடத்தில் சொன்னாய். உன் வாயிலிருந்து நான் கேட்ட நல்ல வரி அது ஒன்றுதான். அடுத்த கடிதத்தில் அதைச் சேர்த்துக்கொண்டேன். அப்பா அந்த வரிக்கு அழுதார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வரிக்கு அழுதிருக்கிறீர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். சேர்த்துவைத்தது நான்.

அப்பாவிடம், அண்ணனுக்குப் போனில் பேசினால் அழுகை வருகிறதாம், இனிமேல் எழுத்து மட்டும்தானாம் என்று சொன்னேன். “சரி, அவன் அப்படித்தான் ஆயிட்டான்” என்றார். அமெரிக்கா போவது தள்ளிப்போய்விட்டது என்றும் சொன்னேன். அதற்கு அவர் கையுறையை வாசிக்கச் சொன்னார்.

பதினைந்து மாதம் அப்படி ஓடியது. நல்ல மாதங்கள். கோயிலால் கெட்டது.

அம்மாவின் நினைவு நாளுக்கு வருடா வருடம் பழைய பங்குக் கோயிலில் பூசைக்கு எழுதி வைப்பேன். அன்று மட்டும் அப்பாவை அங்கே கூட்டிப்போவேன். இந்த ஆகஸ்டிலும் அப்படித்தான், காலை ஆறு மணிப் பூசை. அந்தக் கோயில் இப்போது பூசைக் கருத்துகளை, அதாவது யாருக்காக வேண்ட வேண்டும் என்பதை, மெயிலிலும் வாங்குகிறது என்பது எனக்குத் தெரியாது. சாமியார் புதியவர், யாரையும் தெரியாது. பட்டியலை எடுத்து வாசித்தார்: “பாக்கியமேரி, ஞானமுத்து ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மகன் ஜெரால்ட், சிகாகோ.”

அப்பா மூன்றாவது வரிசையில், ஓரத்தில், முழங்காலில் நின்றுகொண்டிருந்தார்.

முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. அப்பா திரும்பவில்லை. பூசை முழுவதும் நின்றார், உட்கார்ந்தார், நற்கருணை வாங்கினார். தன் ஆன்மாவுக்கான மன்றாட்டுக்கும் எல்லோரோடும் சேர்ந்து பதில் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், குரல் நடுங்கவில்லை.

வெளியே நான் ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில் கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை பெர்சி அப்பாவிடம் வந்திருக்கிறார். “சாரே, நீங்களா! அமெரிக்காவுலருந்து ஒங்க மகன்தான் சார் மெயில் போட்டாக, நா என்னத்தக் கண்டேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அப்பா அவர் காதில் ஏதோ சொன்னார்.

ஆட்டோ தெற்குவாசல் பாலம் ஏறியது. அப்பா கேட்டார்.

“ஜாய்சு, நா எதுல செத்தேன்?”

“கொரோனாவுலப்பா.”

“ம். அப்ப நெறையாப் பேரு போனாங்க.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பாலம் இறங்கியது.

“அப்ப அந்த லெட்டரெல்லாம்?”

“அண்ணன் எழுதுனதுதாம்ப்பா.”

“செத்துப்போன அப்பனுக்கா எழுதுனான்?”

நான் ஆட்டோக்காரருக்கு வீட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன். அதற்குப் பதில் என்ன என்று பிறகு பலவிதமாக யோசித்திருக்கிறேன். நல்ல பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் இட்லி வைத்தேன், அவர் சாப்பிட்டார். திட்டவில்லை. போன் போட்டுக் கொடு என்று கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் ஞாயிறு. நான் எதையும் எடுக்காமல் அடுப்படியில் நின்றேன். கூடத்திலிருந்து குரல் வந்தது: “வாசிக்கலயா?” கையுறையை வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், முழுசாக. முடிந்ததும், “நல்லா எழுதியிருக்க” என்றார். அவன் எழுதியிருக்கான் என்று சொல்லவில்லை. எழுதியிருக்க என்றார்.

நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அந்த வாரம் முழுக்க நான் பேருந்தில் சிரித்துக்கொண்டே போனேன். அப்பா எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, தெரிந்தே என்னிடம் கேட்டார் என்றால் என்ன அர்த்தம்? அவர் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று அர்த்தம். பெர்சி காதில் அவர் சொன்னது, “ஞானமுத்து உசுரோடதான் இருக்கான்னு அந்த மெயிலுக்குப் பதில் போடுங்க” என்பதுதான் என்று முந்தாநாள் நீ வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று தெரிந்துதான் அவர் அந்த ஞாயிறு என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அதை நீ விடைபெறுவது என்று சொல்வாய். நான் அப்படி நினைக்கவில்லை.

இத்தோடு உனக்குத் தெரிந்தது முடிகிறது. ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய், அதனால் தெரியாததையும் எழுதுகிறேன்.

கையெழுத்துப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது என்று மேலே எழுதினேன். அது சரியில்லை. நான்தான் தீர்த்தேன்.

சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை என்பது உண்மை. மாதாமாதம் வாங்கினேன், மருந்துக்கடையில் கேட்டுப் பார். 2020 மார்ச் முதல் வாரத்திலிருந்து, வாங்கி வந்ததும் குப்பியின் மூக்கைக் கழற்றி மருந்தைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டு, வெந்நீரில் அலசி, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை நிரப்பினேன். சுத்தமான தண்ணீர். கண்ணில் எதுவும் சேர்ந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். குப்பியை ஃப்ரிட்ஜ் கதவில் பழைய இடத்திலேயே வைத்தேன். காலை ஆறரை, இரவு எட்டரை.

ஒரு மாதம் கழித்து அப்பா சொன்னார்: “இப்பல்லாம் மருந்து எரியவே இல்லம்மா. நல்ல மருந்தா மாத்திட்டாங்களோ?”

“ஆமாப்பா” என்றேன். அவருக்கு அது ஒரு சின்ன நிம்மதி.

தம்ளர் வாய், பிறகு விரல் நுனி, பிறகு கடுகு. ஊரடங்கு என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. டாக்டர் கிடைத்திருக்கிறார் என்று சொல்லி நீ அவரை எழுந்து நிற்கவைத்தாயே, அந்த ஏப்ரலில் கடுகளவு இருந்தது. அதைத்தான் அவர் உனக்குக் கொண்டுவர நினைத்தார்.

கடிதங்களை அச்சடித்துக் கொடுத்திருக்கலாமே, பெரிய எழுத்தில், கையெழுத்தே இல்லாமல் என்று கேட்பாய். கல்லூரியில் பிரிண்டர் என் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவரே வாசித்துக்கொண்டால் பிறகு யார் வாசித்தால் என்ன? அந்தக் கடிதங்கள் வாசிக்கப்படுவதற்காக எழுதியவை, பார்க்கப்படுவதற்காக அல்ல. எழுதுகிறவர்களுக்கு இது புரியும்.

இருந்த கொஞ்சப் பார்வையில் அவர் எதைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறாய்? எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை. பக்கத்துச் சுவரின் பாசியை. அதை எடுத்துக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். பதிலுக்கு ஒரு ஊரையே கொடுத்திருக்கிறேன், அதன் அத்தனை மியூசியங்களோடும், இல்லாத மியூசியங்களோடும். நீ அந்த ஊரிலேயே குடியிருந்து அவருக்கு என்ன கொடுத்தாய்? பனி. பார்க்கிங்.

இன்று காலை ஆறரைக்கு மருந்து விடப் போனேன். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். இமையைத் தொட்டேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பயணத்தைப் பற்றிய பதற்றமாக இருக்கும்.

மணி மூன்றேகால். நீ பெட்டிகளை வாசலுக்குக் கொண்டுபோகிற சத்தம் கேட்கிறது. அப்பா செருப்பைக் காலால் தேடுகிறார், வழக்கமாக நான்தான் எடுத்துப் போடுவேன்.

இந்தத் தாள்களோடு ஒரு நீல நோட்டும் வைக்கிறேன். எல்லாக் கடிதங்களும் அதில் இருக்கின்றன, நல்ல கையெழுத்தில், எண் போட்டு. நீ அவரை எங்காவது கூட்டிப்போவாய், இத்தனைக்குப் பிறகு போகாமல் இருக்கமாட்டாய். அங்கே இருப்பதைப் பார்த்துச் சொல்லாதே அண்ணே. உனக்கு வராது. கையுறை மியூசியத்தைக் கேட்பார். அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடாதே. மேற்கே எங்காவது ஒரு பழைய கட்டடத்தின் மாடிக்குக் கூட்டிப்போ, உள்ளே கதகதப்பாக இருந்தால் போதும். கையை ஒரு சுவரில் வைக்கச் சொல். பக்கத்தில் நின்றுகொண்டு நாற்பத்தொன்றாம் கடிதத்தை வாசி. நிதானமாக வாசித்தால் சரியாகப் பத்து நிமிடம் வரும், நான் நேரம் பார்த்திருக்கிறேன். முடிந்ததும் அவர் என்ன சொன்னார், எழுதியிருக்க என்றாரா, எழுதியிருக்கா என்றாரா, அதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்து. போனில் வேண்டாம். ஒரு கடிதமாக எழுது அண்ணே. எழுதுவாயா?